கார் கண்ணாடியில் உறைந்த பனியை நீக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில் போதும்

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். பலருக்கும் முதலில் தோன்றுவது வெந்நீர்தான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் திடீரென்று சூடு பட்டால், ஓர் இடம் விரிந்து பக்கத்து இடம் அப்படியே நிற்கும். ஏற்கெனவே சிறு கல் பட்ட தழும்பு இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். நான் ஒருமுறை வெதுவெதுப்பான நீர்தானே என்று ஊற்றினேன். கண்ணாடி தப்பியது. ஆனால் வழிந்த நீர் வைப்பருக்கு அடியில் போய் மறுபடி உறைந்து, முன்பைவிட வேலை அதிகமானது.

பனியைச் சூடாக்கத் தேவையில்லை, அதன் உறைநிலையைக் குறைத்தால் போதும். தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் உறைய மைனஸ் 89 டிகிரி வேண்டும். இந்த ஆல்கஹால் பனியோடு கலந்தால், காலைக் குளிரிலும் பனி நீராகிவிடும்.

கலவை

மருந்துக்கடையில் ரப்பிங் ஆல்கஹால் என்று கேட்டு, 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலா என்று லேபிளில் பாருங்கள். அதில் 2 கப், தண்ணீர் 1 கப், பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி மெதுவாகக் குலுக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரைதான் வரும். லிக்விட் எதற்கு என்றால், கலவை முத்து முத்தாக உருளாமல் பனிமேல் பரவி ஒட்டுவதற்கு.

இது எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்துக் கலக்குங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது. பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வீட்டுக்குள் வையுங்கள்.

பயன்படுத்தும் முறை

1. வைப்பர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறைந்து ஒட்டிய வைப்பரை ஓட்டினால் ரப்பர் கிழியும், மோட்டாரும் கெடலாம்.

2. மேலே தளர்வான பனி குவிந்திருந்தால் பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள்.

3. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து ஸ்ப்ரே செய்யுங்கள். கலவை கீழே வழியும்போது வழியெல்லாம் வேலை செய்துகொண்டே போகும்.

4. ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். உற்றுப் பார்த்தால் தெரியும்: வெள்ளைப் படலம் முதலில் சாம்பல் நிறமாகும், அப்புறம் ஓரங்கள் கண்ணாடியை விட்டு நெகிழும், கோடு கோடாக நீர் இறங்கும்.

5. இப்போது பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் தள்ளுங்கள். உலோகத்தகடு வேண்டாம், கீறல் விழும். தடிமனான பனி என்றால் இன்னொரு முறை ஸ்ப்ரே செய்யுங்கள்.

பார்ப்பதற்கு ஒரு சிறு வட்டம் மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். பக்கக் கண்ணாடி, பின்கண்ணாடி எல்லாம் தெளிவாக வேண்டும். ஹீட்டரைக் குறைந்த சூட்டில் தொடங்கிக் கூட்டலாம், ஆனால் மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

வினிகரைப் பற்றியும் கேட்பீர்கள். சாதாரண வினிகரில் அமிலம் சுமார் 5 சதவீதம்தான், மீதி தண்ணீர். உறைநிலை ஓரிரு டிகிரிதான் இறங்கும், கடும்குளிருக்கு உதவாது. உப்பு நீர் உருக்கும், ஆனால் உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். நான் தொடுவதில்லை.

முந்தின இரவே

வானம் தெளிவாக இருக்கும் இரவில் கண்ணாடி தன் சூட்டை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிட அதிகம் குளிர்ந்துவிடும். அதனால்தான் காற்று 2 டிகிரியில் இருக்கும்போதும் பனி படிகிறது. உலர்ந்த தடித்த துணியோ அட்டையோ போட்டு முன்கண்ணாடியை மூடி, ஓரங்களைக் கதவிடுக்கில் செருகிவிடுங்கள். ஈரத்துணி மட்டும் வேண்டாம், அது கண்ணாடியோடு சேர்ந்தே உறைந்துவிடும்.