படம் தொட்டுப் பேசும் பிள்ளைக்கு ஏஐ எப்படி உதவும்?

வாய்ப்பேச்சு இன்னும் சரியாக வராததால் உங்கள் பிள்ளை படப்பலகையிலோ, சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி ஆப்பிலோ படங்களைத் தொட்டுப் பேசுகிறாளா? அப்படியென்றால் ஏஐ-யிடம் உங்கள் வேலையைக் கொடுங்கள், ஆனால் அவள் பேச வேண்டியதை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வேலையில் அதிக நேரம் பிடிப்பது, பலகையில் எந்தச் சொற்களை வைப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான். நாளை அவளோடு தோசை சுடப் போகிறீர்கள் என்றால் சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ இப்படிக் கேளுங்கள்: "நாலு வயசுப் பெண், படம் தொட்டுப் பேசுகிறாள், இரண்டு சொல் வரை சேர்ப்பாள். தோசை சுடும்போது சொல்ல 12 சொற்கள் கொடு. பொருள்களின் பெயர் மூன்றுக்கு மேல் வேண்டாம். வீட்டில் பேசும் தமிழில் கொடு." பெயர்களை மட்டுப்படுத்தாவிட்டால் மாவு, கரண்டி, எண்ணெய், சட்னி என்று அடுக்கிக்கொண்டே போகும். அவளுக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவது 'இன்னும்', 'ஊத்து', 'நான்', 'போதும்' போன்றவை. தோசைக்குச் சொன்ன அதே 'இன்னும்' ஊஞ்சலுக்கும் ஆகும். 'வேணாம்', 'நிறுத்து', 'வலிக்குது' மூன்றும் வரவில்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் வேணாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளை அழுதோ கடித்தோதான் அதைச் சொல்லும்.

வந்த தமிழை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வீட்டுத் தமிழ் கேட்டாலும் 'ஊற்றவும்' என்று எட்டிப் பார்க்கும். பாட்டி எப்படிச் சொல்வாரோ அப்படி மாற்றுங்கள்.

புதுச் சொற்களைக் காலிக் கட்டங்களில் மட்டும் வையுங்கள். பழைய படங்களின் இடம் அவள் விரலுக்குப் பழகிப்போயிருக்கும், அதைக் கலைத்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான். புதுச் சொற்களுக்குப் படம் வேண்டுமென்றால், ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசம். பணியாரத்துக்கு ஏஐ வரைந்த படத்தைவிட உங்கள் வீட்டுப் பணியாரத்தின் போட்டோ நல்லது.

அப்புறம் முக்கியமான வேலை உங்களுடையது. மாவை ஊற்றும்போது 'ஊத்து' என்று சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைத் தொடுங்கள், பத்து எண்ணும் நேரம் பேசாமல் காத்திருங்கள், தொடு தொடு என்று கையைப் பிடிக்காதீர்கள். இப்படிப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்திருக்கிறது.

தொட்ட சொற்களை ஏஐ முழு வாக்கியமாக்கித் தரும் வசதி சில ஆப்களில் வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதை அணைத்து வைக்கச் சொல்வேன். அவள் 'இன்னும்', 'தோசை' என்று தொட்டால் ஆப் "எனக்கு இன்னொரு தோசை வேணும்" என்று பேசிவிடும். அவள் கேட்டது இன்னொரு தோசையை ஊற்றிப் பார்க்க என்றால்? திருத்திச் சொல்ல அவளிடம் இன்னும் சொற்கள் இல்லையே. அந்த இடத்தில் நீங்கள் 'சாப்பிட' என்பதையும் 'ஊத்து' என்பதையும் தொட்டுக் காட்டி, எது என்று அவளிடமே கேளுங்கள்.

ஏஐ-யிடம் பிள்ளையின் பெயர், போட்டோ, மருத்துவ அறிக்கை எதையும் போட வேண்டாம். வயதும் எத்தனை சொல் சேர்ப்பாள் என்பதும் போதும். பட்டியலை ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டிவிட்டுப் பலகையில் ஏற்றுங்கள்.