குவார்ட்டர்ஸ் எடுக்கலாமா? ராணுவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் எனக்கு வரும் ஃபோன்களில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, அவருக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்கும்போல இருக்கு. போகலாமா, ஊர்லயே இருந்துடலாமா?" வேலூர் பக்கம், கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கேட்கிற பெண் மாறுகிறாளே தவிர, நடக்கிற தவறு மாறுவதில்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் செய்ததையே இன்றைக்கும் செய்கிறார்கள்.

ஸ்வெட்டர் எடுத்துப் போ, சாமான் குறைவாகக் கட்டு என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். இது ஜவான், நாயக், ஹவில்தார் குடும்பங்களுக்காக எழுதுவது.

பார்ட் டூ ஆர்டர் வருவதற்குள் கிளம்புவது

கல்யாணமும் குழந்தை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஜவானின் குடும்ப விவரங்களைப் பட்டாளம் பதிவு செய்யும் ஆணையில், ஏறாதவரை, பட்டாளத்தின் காகிதத்தில் நீங்கள் இல்லை. டிபெண்டன்ட் கார்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அலாட்மென்ட் கைக்கு வருமுன் டி.சி. வாங்குவது

இத்தனை வருஷம் ஆகியும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணவர் ஃபோனில் சொல்வார்: "சீனியாரிட்டி லிஸ்டில் பேர் வந்துடுச்சு." இங்கே வீடே கிடைத்துவிட்ட மாதிரி சந்தோஷம். லிஸ்டில் பெயர் இருப்பது வேறு, அலாட்மென்ட் லெட்டர் வேறு. வீட்டை ஒதுக்குவது ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ், அதாவது அந்த ஊரின் ராணுவ நிர்வாக அலுவலகம். ஆபீசர், ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி இடை ரேங்க்), ஜவான் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வரிசை. முன்னால் இருப்பவர் காலி செய்ய வேண்டும், காலியான வீட்டை எம்.இ.எஸ். (ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவு) பழுது பார்த்து வெள்ளையடிக்க வேண்டும், அப்புறம்தான் சாவி. இதற்கெல்லாம் யாரும் தேதி சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி. கணவர் நாயக், யூனிட் ஜலந்தரில். பையன் இரண்டாம் வகுப்பு. இவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். லிஸ்டில் பேர் வந்தது என்று கேட்டதும் வேலையை விட்டாள், பையனுக்கு டி.சி. வாங்கினாள், ஃபிரிட்ஜை வந்த விலைக்கு விற்றாள். ஜூனில் போய் இறங்கினால் வீடு இல்லை. கன்டோன்மென்ட் கேட்டுக்கு வெளியே ஒற்றை அறை, அட்வான்ஸ், வாடகை. பையனுக்கு கேந்திரிய வித்யாலயாவில் அந்த வகுப்பில் இடம் காலி இல்லை என்று பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்தது ஜனவரியில். திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் யூனிட்டுக்கு ஃபீல்ட் மூவ், அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடத்துக்கு மாற்றம், வந்துவிட்டது. மார்ச் பரீட்சை வரை வீட்டை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கி, ஏப்ரலில் மூட்டை கட்டி வந்தாள். ஒரே வருஷத்தில் இரண்டு அட்மிஷன் ஃபீஸ், போன வேலை போனதுதான். பையன் தமிழ் எழுத்தில் பாதியை மறந்து வந்தான்.

இதில் யாரும் அவளை ஏமாற்றவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வீடு எப்போது கிடைக்கும் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். இந்த ஸ்டேஷனில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று கேட்பவர் குறைவு. பீஸ் ஸ்டேஷனில், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊரில், பொதுவாக இரண்டு, மூன்று வருஷம்தான். வரிசையில் காத்திருப்பதிலேயே அதில் ஒரு வருஷம் கரைந்தால், கையில் மிஞ்சுவது என்ன?

இதற்கான பதில், கணவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரி இன்ஃபன்ட்ரி (காலாட்படை) பட்டாலியன் என்றால், மொத்த யூனிட்டும் ஒன்றாக பீஸிலிருந்து ஃபீல்டுக்குக் கிளம்பும். யூனிட் அந்த ஊருக்கு எப்போது வந்தது என்று தெரிந்தால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), இ.எம்.இ. (வண்டி, கருவி பழுது பார்ப்பு), ஏ.எஸ்.சி. (ரேஷன், போக்குவரத்து) ஆட்களுக்குப் பெரும்பாலும் தனி ஆளாகவே போஸ்டிங் வரும். அங்கே கணவர் வந்து சேர்ந்த தேதியைப் பாருங்கள். நீலகிரி வெலிங்டன் போன்ற டிரெய்னிங் சென்டரில் இன்ஸ்ட்ரக்டர் போஸ்டிங் கிடைத்தால், தேதியைப் பார்த்துவிட்டு உடனே மனு போடச் சொல்லுங்கள்; நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற வாய்ப்பு இன்னொரு முறை வருமா தெரியாது.

என் கணக்கு இது. சாவி வாங்கும் நாளிலிருந்து ஒரு முழுப் பள்ளி ஆண்டாவது பாக்கி இருந்தால் போங்கள். இல்லை என்றால் கோடை லீவுக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள். வருஷத்துக்கு 60 நாள் ஆன்யுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு அவருக்கு உண்டு, அவரும் வருவார். குழந்தை இன்னும் பள்ளிக்கே போகவில்லை என்றால் இந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். ஆறு மாதம் கிடைத்தாலும் போங்கள். அப்பா மடியில் இருக்கிற அந்த ஆறு மாதம் குழந்தைக்கு வேறு எப்போது கிடைக்கும்?

மாறாக, ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளையை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். சி.பி.எஸ்.இ.யில் 9, 11-ம் வகுப்புகளில் பதிவு நடக்கிறது. 10, 12-ல் பள்ளி மாற்றுவதற்குத் தனிக் காரணமும் அனுமதியும் வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஒரு காரணம்தான், ஆனாலும் பரீட்சை வருஷத்தில் அந்த அலைச்சல் பிள்ளை தலையில்தான் விழும்.

டி.சி.யைக் கடைசியாக வாங்குங்கள். அலாட்மென்ட் லெட்டரை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாகப் பார்த்த பிறகு.

வாடகைப் படியை மட்டும் வைத்து முடிவெடுப்பது

குவார்ட்டர்ஸ் எடுத்தால் ஹெச்.ஆர்.ஏ. என்னும் வாடகைப் படி நின்றுவிடும். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து, ஊரைப் பொறுத்து அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் என்று கணக்கு. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் சென்னை, புனே, ஹைதராபாத் போன்ற இடங்களில் 12,000 ரூபாய், சின்ன ஊரில் 4,000 ரூபாய். சின்ன ஊரில் யோசிக்கவே வேண்டாம், குவார்ட்டர்ஸ்தான் லாபம். பெரிய நகரத்தில், "12,000 போகிறதே" என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு வெளியே கிடைக்கும் வீட்டில் தண்ணீர் வருமா, ஸ்கூல் பஸ் வாசலுக்கு வருமா என்று பார்த்தீர்களா? கணவர் இல்லாத ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், குவார்ட்டர்ஸில் பக்கத்துக் கதவைத் தட்டினால் போதும். அந்த வீட்டு அண்ணன் யூனிட்டுக்கு ஃபோன் போட்டு வண்டி வரவழைப்பார். இதை எந்தப் படியிலும் சேர்க்க முடியாது.

ஒரு விஷயம் கவனியுங்கள். மனைவியும் மத்திய அரசு வேலையில் அதே ஊரில் இருந்து, கணவரின் குவார்ட்டர்ஸில் தங்கினால் மனைவியின் ஹெச்.ஆர்.ஏ.யும் நின்றுவிடும். கணக்குப் போடும்போது இரண்டு சம்பளத்தையும் போடுங்கள்.

மார்ச்சிங் இன் அன்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

சாவி தரும் நாளில் எம்.இ.எஸ். ஆள் ஒரு லிஸ்டோடு வருவார். ஃபேன் இத்தனை, டியூப் லைட் இத்தனை, வாஷ் பேசின், கண்ணாடி, கொசுவலைக் கதவு. நீங்கள் ரயிலில் இருந்து இறங்கிய களைப்பில் இருப்பீர்கள், குழந்தை அழும். "எல்லாம் சரியா இருக்கு, சைன் பண்ணுங்க" என்பார். பண்ணாதீர்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். பேசினுக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள். விரிசல் மேலே தெரியாது, அடியில் ஈரமாக விரலில் படும். ஜன்னல் கண்ணாடியில் மூலை உடைந்திருந்தால் எழுதச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் சுற்றுகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, கீசர் சுடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறை இருந்தால் அந்தக் காகிதத்திலேயே ஏற்றி, தேதி போட்டு, ஒரு காப்பி வாங்குங்கள். மீட்டர் ரீடிங்கை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சிங் அவுட் அன்று, அதாவது காலி செய்யும் நாளில், இதே லிஸ்ட் திரும்ப வரும். அன்றைக்கு உடைந்திருப்பதெல்லாம் நீங்கள் உடைத்ததாகவே கணக்கு, பணம் உங்கள் கணவரிடமிருந்துதான் பிடிப்பார்கள். முன்னால் இருந்தவர் உடைத்த பேசினுக்குக் காசு கட்டிய குடும்பங்களை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்த்திருக்கிறேன்.

கணவர் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார் என்று நம்புவது

எக்சர்சைஸ் (போர்ப் பயிற்சி), கோர்ஸ், காவல் டூட்டி என்று போய்க்கொண்டே இருப்பார். பால்காரரிடம் பேசும் அளவுக்காவது ஹிந்தி கற்றுக்கொண்டு போங்கள்.

கணவரின் ரேங்கைப் பார்த்துப் பழகுவது

வேண்டாம்.

தமிழை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது

வடக்கே கேந்திரிய வித்யாலயாவிலும் ஆர்மி பப்ளிக் ஸ்கூலிலும் ஹிந்தி, ஆங்கிலம் நன்றாக வந்துவிடும். தமிழ் வராது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வீட்டில் பேசுகிறோமே என்று இருந்துவிடாதீர்கள். பேச்சு நிற்கும், எழுத்து போய்விடும். திரும்பி வந்து இங்கே பள்ளியில் சேர்க்கும்போதும், பிள்ளை வளர்ந்து டி.என்.பி.எஸ்.சி. எழுதும்போதும் இந்தக் குறை முன்னால் வந்து நிற்கும். போகும்போதே தமிழ்நாட்டுப் பாடநூல்களை வகுப்பு வாரியாகப் பெட்டியில் வையுங்கள். தினமும் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும். நீங்கள் இருக்கும் வரிசையிலேயே இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பம் இருக்கும். சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் உட்கார வைத்துவிடலாம்.

போஸ்டிங் வந்த பிறகு யோசிக்க ஆரம்பிப்பது

ஃபீல்ட் மூவ் வந்தால் மூன்று வழி இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை வீட்டை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். சில ஸ்டேஷன்களில் ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பத்துக்கென்றே எஸ்.எஃப்.ஏ. வீடுகள் உண்டு, அதற்கும் வரிசை இருக்கிறது. அல்லது ஊருக்குத் திரும்பலாம். எதுவானாலும் கணவர் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் மனு போகட்டும். ஃபீல்டுக்குப் போன பிறகு அவரால் ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸுக்கு நடக்க முடியாது, சில சமயம் ஃபோனே கிடைக்காது.

அனுமதித் தேதி தாண்டி ஒரு நாள்கூட வீட்டில் இருக்காதீர்கள். அப்புறம் டேமேஜ் ரென்ட் போடுவார்கள், அது சாதாரண வாடகையைவிடப் பல மடங்கு. காலி செய்யும்போது கரன்ட், தண்ணீர் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிக் கணவரிடம் ஒரு காப்பி, உங்களிடம் ஒரு காப்பி வையுங்கள். அடுத்த ஸ்டேஷனில் திரும்ப ஹெச்.ஆர்.ஏ. கேட்கும்போது பழைய வீட்டைக் காலி செய்ததற்கான காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.