துபாய் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

களியக்காவிளையில் என் கடைக்கு டிக்கெட் போட வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "அண்ணே, ரெண்டே முக்கால் மணி நேரத்துல துபாய் போயிருமா?" டிக்கெட்டில் திருவனந்தபுரத்தில் காலை 10.00 புறப்பாடு, துபாயில் 12.45 சேர்தல் என்றிருக்கும். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்டுங்கள்: நாலே கால் மணி நேரம். திரும்பும்போது கழியுங்கள்: அங்கே இரவு 10.00, திருவனந்தபுரத்தில் அதிகாலை 3.30 என்றால், பறப்பது நாலு மணி நேரம்தான்.

டிக்கெட் கையில் இல்லையா? திருவனந்தபுரம்–துபாய் நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,950 கி.மீ. விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வைத்து, அதை 800 ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் ஏறக்குறைய சரியாக வரும். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

இடையில் விமானம் மாறுவதென்றால் இந்தக் கணக்கு உதவாது. காத்திருப்பையும் சேர்க்க வேண்டும். வானத்தைவிட எனக்குப் பயம், விமான நிலையம் போகும் வழியில் நெரிசலில் மாட்டிவிடும் பாலராமபுரம் சந்திப்புதான். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும், அதனால் பத்து மணி விமானத்துக்கு ஐந்தரைக்கே காரை எடுக்கச் சொல்வேன்.