நர்சிங் ஹோம்: ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள்

அமெரிக்காவில் அப்பா அம்மாவுக்கு நர்சிங் ஹோம் (முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம்) தேடுகிறீர்களா? மெடிகேர் (முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) தளத்தில், இல்லங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் 'கேர் கம்பேர்' பக்கத்தில் ஒவ்வொரு இல்லத்துக்கும் தரும் மொத்த ஸ்டார் மதிப்பீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஸ்டாருக்குள் சேரும் தர அளவீடுகளில் பல, அந்த இல்லமே எழுதிக் கொடுப்பவை. அரசு ஆய்வாளர்கள் நேரில் வந்து எழுதிய ரிப்போர்ட்டைத் திறந்து படியுங்கள். என்ன குறை, எவ்வளவு பாதிப்பு, சிலருக்கா பலருக்கா என்று அதில் இருக்கும். படுக்கைப்புண்ணைக் கவனிக்காமல் விட்டது, மருந்து மாறிப்போனது எல்லாம் அங்கேதான் தெரியும்.

அதே பக்கத்தில் இல்லத்தின் பெயருக்கு அருகே சிவப்பு வட்டத்துக்குள் கை அடையாளம் இருந்தால், முதியவர்கள் துன்புறுத்தப்பட்டதாக ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நானாக இருந்தால் அங்கே சேர்க்கமாட்டேன்.

அப்புறம், சனி ஞாயிறில் எத்தனை நர்ஸ் என்றும் பாருங்கள். நேரில் போனால் கடைசி ஆய்வு ரிப்போர்ட்டைத் தேடுங்கள். யாரையும் கேட்காமலே எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.