மரத்தில் வாழும் அலங்கு: ஸ்கூல் மாடல் செய்முறை

நம்மூர் அலங்கைச் (உடலெல்லாம் செதில் உள்ள எறும்புத்தின்னி, பாங்கோலின்) செய்து கிளையில் மாட்டிவிட்டால் அது மர அலங்கு ஆகிவிடாது. நம்மூர் அலங்குக்கு வால் தடிமன், உடலைவிடக் குட்டை. இங்கே செய்யப்போவது மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் இருக்கும் வெள்ளை வயிற்று அலங்கு. இதற்கு உடலைவிட வால் நீளம். பாதி அளவில் செய்தால் தலையோடு உடல் 17 செ.மீ., வால் 24 செ.மீ.

கட்டுக்கம்பி 3 மீட்டர், செய்தித்தாள், மாஸ்கிங் டேப், ஃபெவிகால் போதும். செதிலுக்குச் சார்ட் பேப்பர் வேண்டாம், பசை பட்டதும் சுருளும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு ஈடே இல்லை. புதிதாக வாங்குவதென்றால் பெங்களூரு அவென்யூ ரோட்டில் 250 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை கேளுங்கள்.

1. ஒன்றரை மீட்டர் கம்பியை மூன்றாக மடித்து முறுக்கினால் முதுகெலும்பு. மீதி, கால்களுக்கு. தாளைக் கசக்கிச் சுற்றி டேப் ஒட்டுங்கள். முகம் கூம்பாக, வாய் சின்னத் துளையாக. பல் கிடையாது, காதுமடலும் வேண்டாம்.

2. வாலை இப்போதே கிளையில் சுற்றி வளைத்துவிடுங்கள். செதில் ஒட்டியபின் வளைத்தால் பெயர்ந்துவிடும்.

3. ஒரு செ.மீ. அகலம், 2 செ.மீ. நீளத்தில் சுமார் 400 செதில் வெட்டுங்கள். நுனியில் மூன்று கூர். வயதாக ஆகக் கூர் தேய்ந்துவிடும் என்பதால் பாதியை மழுங்கலாகவே விடலாம், வேலையும் மிச்சம்.

பலர் கோட்டை விடுவது ஒட்டும்போதுதான். தலையிலிருந்து தொடங்கினால் பின்வரிசை முன்வரிசையின் மேல் ஏறி, எல்லாம் தலைகீழாகிவிடும். வால் நுனியில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள், ஓடு வேய்வதுபோல. முன்பாதியில் மட்டும் பசை, கூர் தூக்கி நிற்கட்டும். ஒரு வரிசையில் இரண்டு செதிலுக்கு நடுவே அடுத்த வரிசைச் செதில் வரவேண்டும். நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை ஃபேன் அடியில் காயவிடுங்கள். ஜூலை ஈரத்தில் அவசரப்பட்டால் மொத்தமும் வழுக்கி இறங்கும்.

4. முகம், வயிறு, முன்கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் செதில் வராது. வயிற்றுக்கு வெளிர் நிறம், செதிலுக்குப் பளபளப்பில்லாத பழுப்பு. வால் நுனியின் அடியில் ஒரு செ.மீ. வெறுமையாக விடுங்கள், கிளையைப் பற்றும் இடம் அதுதான். நகத்துக்குக் கேபிள் டை நுனியை வளைத்துச் செருகலாம், முன்கால் நடுநகம் பெரிதாக.

பின்சேர்க்கை: பக்கத்தில் பழம், இலை வைத்துவிடாதீர்கள். எறும்பும் கரையானும்தான் தீனி, அதனால் கிளையில் களிமண்ணால் கரையான் புற்று ஒட்டிவிடுங்கள். குட்டி வைப்பதானால் ஒன்றே ஒன்று, தாயின் வால் தொடங்கும் இடத்தின் மேல் ஏறியபடி. பின்னணி இரவாக இருக்கட்டும், பகலில் மரப்பொந்தில் தூங்கும் பிராணி இது. வீட்டில் பழைய அலங்குச் செதில் இருக்கிறது, அதை ஒட்டலாமா என்றால், கூடவே கூடாது. நம்மூர் அலங்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. பத்திரிகை அட்டையே போதும்.