பட்ஜெட் எண்களை வைத்து ஆய்வு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலைப் பொருளியல் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்த உட்காரும் ஒவ்வொரு பருவத்திலும், முந்தைய அணியினர் செய்த பிழைகளையே அடுத்த அணியினரும் புதிதாகக் கண்டுபிடித்துச் செய்வதைப் பார்க்கிறேன். பணவீக்கம் குறைவதை விலை குறைவதாக எழுதுவது, பற்றாக்குறையையும் கடனையும் ஒன்றாக்குவது போன்றவற்றைப் பாடநூலே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பாடநூல் திருத்தாதவற்றைப் பற்றியே இக்குறிப்பு.

செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று கேளாமல் காரணம் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். பட்ஜெட் ஆவணங்களைத் தரவிறக்கி, பத்தாண்டு எண்களை அட்டவணையாக்கி, படமும் வரைந்திருப்பார்கள். ஒரு வாய்மொழித் தேர்வில் மாணவி ஒருவர் ஒன்றிய அரசின் உணவு மானியத்தைப் பற்றி அப்படியொரு படத்தைக் காட்டினார். 2019-20இல் 1.84 லட்சம் கோடி ரூபாய் என்று பட்ஜெட்டில் மதிப்பிடப்பட்டிருந்த மானியம், ஆண்டு முடிவில் சுமார் 1.09 லட்சம் கோடியாகச் சுருங்கியிருந்தது. மறு ஆண்டு அது 5.41 லட்சம் கோடியாக எகிறியிருந்தது. அரசு முதலில் மானியத்தை வெட்டியது, பிறகு கொரோனா வந்ததால் வாரி வழங்கியது என்பது அவருடைய முடிவு. அதன்மேல் இருபது பக்க விளக்கமும் எழுதியிருந்தார்.

எண்கள் அனைத்தும் சரியானவை, விளக்கம்தான் நிற்கவில்லை. இந்திய உணவுக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலையில் நெல்லையும் கோதுமையையும் வாங்குகிறது; அந்த ஆண்டுகளில் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரிசி கிலோ 3 ரூபாய்க்கும் கோதுமை 2 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. இடைவெளியை ஈடுசெய்ய வேண்டியது ஒன்றிய அரசு. ஆனால் 2016-17 முதல், தர வேண்டிய தொகையில் ஒரு பகுதியைப் பட்ஜெட்டிலிருந்து தராமல், அஞ்சலகச் சேமிப்புகள் வந்து சேரும் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்துக்குக் கடனாகக் கொடுக்கும் வழக்கம் தொடங்கியது. தானியம் முன்புபோலவே ரேஷன் கடைக்குப் போனது, செலவும் முன்புபோலவே ஆனது. ஆனால் கடன் கழகத்தின் ஏட்டில் ஏறியதால் ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறையில் அது தெரியவில்லை. 2019-20இல் ‘வெட்டப்பட்டதாக’த் தோன்றிய மானியம் போன இடம் இதுதான்.

அடுத்த ஆண்டின் ஏற்றமும் இப்படித்தான். 2020-21 பட்ஜெட் மானியத்துக்கு சுமார் 1.16 லட்சம் கோடி ஒதுக்கியபோதே, சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்துக்கு மேலும் 1.36 லட்சம் கோடி கடன் என்று இணைப்பு அறிக்கையில் குறித்திருந்தது. ஆக, தொற்று பரவுவதற்கு முன்பே திட்டமிடப்பட்ட தொகை இரண்டரை லட்சம் கோடி. 2021 பிப்ரவரியில் அந்தக் கடன் முறை கைவிடப்பட்டு, பழைய கடனை அடைக்கும் தொகையும் மானியக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. ஏப்ரல் 2020 முதல் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுத்த செலவு உண்மைதான், ஆனால் 5.41 லட்சம் கோடியில் அதையும், ஏட்டுக்குத் திரும்பி வந்த பழைய பாக்கியையும் பிரிக்காமல் ‘கொரோனா காலத் தாராளம்’ என்று எழுதுவது பிழை. அந்த ஆண்டு நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டியதை விளக்குபவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இது ரகசியமாக நடந்ததும் அல்ல. பட்ஜெட்டுக்கு வெளியே நிதி திரட்டும் இப்பழக்கத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார். செலவின விவரத் தொகுப்பில் 27ஆம் அறிக்கையாக இந்தக் கடன்கள் அச்சாகியும் இருந்தன. நிதியமைச்சரின் உரையோடு நிறுத்திக்கொள்பவர்கள் அந்தப் பக்கத்தை எட்டுவதே இல்லை.

அடித்தளத்தை மறந்து வளர்ச்சியைக் கொண்டாடுவது

2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சி, முந்தைய ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட்டால், 20.1 விழுக்காடு. இதை மட்டும் எழுதி ‘வரலாறு காணாத எழுச்சி’ என்று தலைப்பிடும் கட்டுரைகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. 2011-12 விலையில் அந்தக் காலாண்டின் உற்பத்தி 32.38 லட்சம் கோடி ரூபாய். 2020இன் ஊரடங்குக் காலாண்டில் அது 26.95 லட்சம் கோடியாக விழுந்திருந்தது. அதற்கும் முந்தைய ஆண்டான 2019இல் இதே காலாண்டில் ஏறத்தாழ 35.7 லட்சம் கோடி. இழந்த இடத்துக்கு அப்போது இன்னும் வந்து சேரவில்லை என்பதே எண் சொல்லும் செய்தி. விழுக்காட்டுக்குப் பக்கத்தில் தொகையையும் எழுதும் பழக்கம் இருந்தால் போதும்.

இரண்டு தொடர்களை ஒட்டுவது

2010-11இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சி பழைய தொடரில் (அதாவது பழைய அடிப்படை ஆண்டின் விலையில் கணக்கிட்ட எண் வரிசையில்) 10.3 விழுக்காடு, 2018 நவம்பரில் வெளியான, 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பின்னோக்கிய தொடரில் 8.5. எந்த அரசின் காலத்தில் வளர்ச்சி அதிகம் என்று வாதிட விரும்புபவர், பாதியை ஒரு தொடரிலிருந்தும் மீதியை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் விரும்பிய விடை கிடைத்துவிடும். அதனாலேயே எடுக்கக் கூடாது.

‘ஒன்றிய வரியில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு’

ஒன்றிய-மாநில வரிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பதினைந்தாவது குழு சொன்னது பகிர்ந்தளிக்கத்தக்க வரித் தொகுப்பில் 41 விழுக்காடு, மொத்த ஒன்றிய வரியில் அல்ல. வரிக்கு மேல் கூடுதலாக வசூலிக்கப்படும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் அத்தொகுப்பில் சேரா.

வெளியீட்டுத் தேதி எழுதாத எண்

2020 ஏப்ரல்-ஜூனில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சரிவு முதலில் 23.9 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரித் திருத்தத்தில் அது 24.4 ஆயிற்று. தேதி இல்லாத எண்ணை நான் திருத்துவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன்.