பரபரப்பு நாளிதழ்களை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை நாளிதழ் ஒன்றின் டெஸ்கில், அதாவது செய்திகளைத் திருத்தித் தலைப்பிடும் பிரிவில், வேலை பார்த்தவன் என்ற முறையில், வேலூரில் இதழியல் பயிலும் மாணவர்களுக்கு அவ்வப்போது செய்தித்தாள் வாசிப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். டெஸ்கில் சேர்ந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை விட்டுவிடுகிறேன்.

காரமான சொற்களை மட்டும் தேடுவது

நாளிதழைக் கையில் கொடுத்தவுடன் 'பயங்கரம்', 'பகீர்', 'வெறிச்செயல்' ஆகியவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, வேலை முடிந்தது என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அத்தகைய சொற்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. வாசகரும் அவற்றைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்கிறார். ஒரு செய்தியைச் சொன்னவர் யார் என்பதைத் தலைப்பிலிருந்து நீக்கிவிடுவதில்தான் பெரும் சேதம் இருக்கிறது.

காட்பாடியில் ஒரு தேநீர்க் கடை முன்பு, 'கள்ளக்காதல் தகராறில் வாலிபர் கொலை' என்று போஸ்டர் தொங்கியது. உடன் வந்த மாணவர் முதல் சொல்லைக் குறித்துக்கொண்டு நகர்ந்தார். கொலைக்கான காரணத்தைச் சொன்னவர் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. நாளிதழை வாங்கிப் பார்த்தால், செய்தியின் கடைசிப் பத்தியில் 'என்று கூறப்படுகிறது' என இருந்தது. பேருந்து ஜன்னல் வழியாகப் போஸ்டரை மட்டும் படித்துச் செல்பவருக்கு அந்தக் கடைசிப் பத்தி கிடைப்பதே இல்லை. பின்னர் அது கொடுக்கல் வாங்கல் தகராறு எனத் தெரியவந்தபோது, உள்பக்கத்தில் சிறு செய்தி வந்தது. அதற்குப் போஸ்டர் அடிக்கவில்லை.

இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் உள்ளது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். நான்கு நாள் கழித்து 'தி சன்' என்ற பரபரப்பு நாளிதழ், 'உண்மை' என்று மட்டும் பெரிய எழுத்தில் தலைப்பிட்டு, இறந்தவர்களின் பைகளைச் சில ரசிகர்கள் திருடினர், காவலர்கள் மீது சிறுநீர் கழித்தனர் என்று அதன்கீழ் அடுக்கியது. காவல்துறையினரும் அரசியல்வாதி ஒருவரும் சுமத்திய குற்றச்சாட்டுகள், தலைப்பில் ஐயத்துக்கு இடமில்லாத மெய்களாகிவிட்டன. அந்தத் தலைப்பில் வட்டமிடுவதற்குக் காரமான சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அக்குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று 2012-இல் சுயேச்சை விசாரணைக் குழு அறிவிக்கும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. லிவர்பூலில் பலர் இன்றும் அந்த நாளிதழை வாங்குவதில்லை.

எனவே, தலைப்பில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதைச் சொன்னவரின் பெயரை எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் பேனாவை நிறுத்துங்கள்.

படத்தைத் தனியாகப் பார்ப்பது

ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதில் செய்யப்பட்ட கைவேலையைக் கண்டுபிடிப்பது கடினம். 1994 ஜூன் மாதம், கொலை வழக்கில் கைதான முன்னாள் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் புகைப்படத்தை அமெரிக்காவின் 'டைம்' இதழ் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது பளிச்செனத் தெரிந்ததற்குக் காரணம், அதே வாரத்தில் அதே படத்தைப் போட்டி இதழான 'நியூஸ்வீக்' அவ்வாறு கருமையாக்காமல் வெளியிட்டதுதான். 'டைம்' பரபரப்பு ஏடு அன்று என்பதையும் மறக்க வேண்டாம். வேலூர் கோட்டை மைதானத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தால், மேடையருகே நெருக்கி வெட்டிய படம் கடல் போன்ற கூட்டத்தைக் காட்டும். பின்வரிசையிலிருந்து எடுத்தது காலி நாற்காலிகளைக் காட்டும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நாளிதழ்களையாவது வாங்குங்கள்.

தாளின் அளவை வைத்துத் தரத்தை முடிவு செய்வது

சிறிய தாளில் வருவது பரபரப்பு ஏடு, பெரிய தாளில் வருவது தரமான ஏடு என்று பிரித்துவிடுகிறார்கள். லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழே 2004-இல் சிறிய அளவுக்கு மாறிவிட்டது.

தம் கட்சிக்கு உகந்த ஏட்டுக்கு விலக்கு அளிப்பது

கூடாது.

நாளிதழின் பெருமிதத்தைச் சான்றாகக் கொள்வது

பிரிட்டனின் 1992 பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றதும், வெற்றியைத் தேடித் தந்தது தானே என்று 'தி சன்' முதல் பக்கத்தில் மார்தட்டியது. நாளிதழ்களின் செல்வாக்கைப் பற்றி எழுதும் மாணவர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கடைக்காரர் தன் சரக்கைப் பற்றிச் சொன்னது அது, வாக்காளர் சொன்னதன்று.